காண்டீபத்தின் வரலாறு: மகாபாரதத்தில் தெய்வப் படைக்கலமும் தருமத்தின் காப்பும்

இதிகாசங்களில் வரும் தெய்வப் படைக்கலங்கள் பற்றி எம்மிடையே மூவகை நோக்குகள் நிலவுகின்றன. முதலாவது பக்தி நோக்கு. தன்னைப் பேணுவோரைத் தருமம் பேணும்; அவ்வாறு பேணுதற்குத் தேவர்கள் அளித்த கருவிகளே அஸ்திரங்கள் என்பது அதன் சாரம். இரண்டாவது, பிரமாஸ்திரத்தில் அணுகுண்டையும் புட்பக விமானத்தில் ஆகாய விமானத்தையும் காணும் பழம்பெருமை நோக்கு. 1989ஆம் ஆண்டு இந்தியாவில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்ட நெடுந்தூர ஏவுகணைக்கு 'அக்கினி' என்ற பெயர் வழங்கப்பட்டது. இத்தகைய பெயர்சூட்டல்கள் இந்நோக்குக்கு ஊட்டமளித்து வந்துள்ளன. மூன்றாவது, இவை யாவும் கட்டுக்கதைகள் எனத் தள்ளிவிடும் வரட்டுப் பகுத்தறிவு நோக்கு. முற்போக்காளர் பலர் இம்மூன்றாவது நோக்குடன் திருப்தியுற்று விடுகின்றனர்.

ஒன்றுக்கொன்று முரணான இம்மூன்று நோக்கினரும் ஒரு கேள்வியைத் தவிர்ப்பதில் ஒன்றுபடுகின்றனர். படைக்கலத்தை யார் யாருக்கு வழங்கினர்? யாருக்கு அது மறுக்கப்பட்டது? அதனால் மடிந்தோர் யாவர்? இக்கேள்விகளை எழுப்பும்போதுதான் அஸ்திரம் என்ற கற்பனையின் சமூக உள்ளடக்கம் புலனாகும். தெய்வப் படைக்கலம் என்பது வன்முறை பற்றிய அறிவின்மீது ஒரு சிறுபான்மையினர் கொண்டிருந்த தனியுரிமையின் கற்பனை வடிவம். தருமத்தின் காப்பு என்பது அத்தனியுரிமையை நியாயப்படுத்திய கருத்துநிலை. எனினும் மகாபாரதம் ஒரே குரலில் பேசும் நூலன்று. அக்கருத்துநிலையை நிறுவுகின்ற அதே காவியம், அதன் எல்லைகளையும் பதிவு செய்து வைத்துள்ளது. இவற்றை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலும் காலமும்

மகாபாரதம் ஒரு காலத்தில் ஒருவரால் இயற்றப்பட்டதன்று என்பது இன்று ஆய்வாளரிடையே பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட முடிபு. பூனாவிலுள்ள பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் நிறைவு செய்த ஆய்வுப் பதிப்பு, நூலின் பல்வேறு படைகளைப் பிரித்தறிய வழிவகுத்தது. அப்பதிப்பின் முதன்மைப் பதிப்பாசிரியராகப் பணியாற்றிய விஷ்ணு சுக்தாங்கர், பிருகு குலத்துப் பிராமணரின் கைவண்ணம் இக்காவியத்தில் ஆழப் பதிந்துள்ளதை 1936இல் விரிவாக எடுத்துக்காட்டினார். பரசுராமர் அக்குலத்தவர் என்பதும், காவியத்தின் முக்கிய வில்லாளர் பலருக்குப் படைக்கலம் அவர் வழியாகவே வந்து சேர்கிறது என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கன.

பொதுவாகக் கி.மு. 400 தொடக்கம் கி.பி. 400 வரையான காலப்பகுதியில் இந்நூல் இன்றைய வடிவை நோக்கி வளர்ந்தது எனக் கொள்ளப்படுகிறது. கங்கைச் சமவெளியில் இரும்பின் பரவலும், காடழிப்பும், உழவின் விரிவும், குலக்குழு ஆட்சியிலிருந்து அரசு உருவாகியமையும் இக்காவியத்தின் நெடிய பின்னணியாகும். தாமோதர் தர்மானந்த கோசாம்பி, உரோமிலா தாப்பர் முதலியோரின் ஆய்வுகள் இம்மாற்றத்தின் தன்மையை எமக்கு விளக்கியுள்ளன. உறவினரிடையே பங்கிடப்பட்ட வளம் அரசொன்றின் உடைமையாக மாறும் காலத்தில், படைக்கலம் யார் கையில் இருக்கலாம் என்பது அடிப்படையான அரசியற் பிரச்சினையாகின்றது.

உடைமையாகிய படைக்கலம்

அஸ்திரத்தைச் சாதாரண ஆயுதத்திலிருந்து வேறுபடுத்துவது அதன் மூலப்பொருளன்று. எந்தக் கணையும் உரிய மந்திரத்தால் அஸ்திரமாகலாம். அசுவத்தாமன் கையில் ஒரு புல்லே பேரழிவுப் படையாகின்றது. ஆகவே வலிமை உலோகத்திலோ அதனை வடித்தவனின் உழைப்பிலோ இல்லை; ஏவவும் மீட்கவும் தெரிந்த அறிவிலேயே உள்ளது. புறநானூற்றுச் செய்யுளொன்றில் வேலைச் செய்து தரும் கொல்லனும் சமூகக் கடமைகளின் வரிசையில் இடம்பெறுகின்றான். மகாபாரதத்தின் தெய்வப் படைக்கல உலகிலோ கொல்லன் மறைந்து விடுகின்றான். உழைப்பின் விளைபொருள் தெய்வத்தின் கொடையாகத் தோற்றம் பெறும்போது, அதற்கு உரிமை கோரும் தகுதியும் தெய்வத்தோடு தொடர்புடையோருக்கே உரியதாகி விடுகின்றது.

ஆதி பருவத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி இதனைத் தெளிவுபடுத்தும். பரசுராமர் தம் செல்வத்தையெல்லாம் பிராமணருக்கு வழங்குகின்றார் எனக் கேள்வியுற்றுத் துரோணர் அவரிடம் செல்கின்றார். அதற்குள் பொன் பிறருக்குப் போய்விட்டது. நிலம் காசியபருக்குப் போய்விட்டது. எஞ்சியிருப்பன பரசுராமரின் உடலும் படைக்கலங்களுமே. துரோணர் படைக்கலங்களை, அவற்றை ஏவி மீட்கும் முறைகளோடு சேர்த்துக் கேட்டுப் பெறுகின்றார். பொன், நிலம், படைக்கலம் என்ற மூன்றும் இங்கு ஒரே வகையான சொத்தாக அடுக்கப்படுகின்றன. மகனுக்குப் பால் வழங்கவும் வழியற்ற வறியவராக நின்ற துரோணர், அச்சொத்தைக் கொண்டே குரு குலத்து அரண்மனையில் வாழ்வு பெறுகின்றார். துருபதனோடு அவர் கொண்ட பகையும் பாதி நாட்டைப் பெறுவதிலேயே முடிகின்றது. மந்திரமாக வந்த சொத்து இறுதியில் நிலமாக மாறுகின்றது.

சொத்தெனின் அதற்கு வேலியும் உண்டு. நிடாதர் தலைவன் மகனான ஏகலைவனைத் துரோணர் மாணவனாக ஏற்க மறுக்கின்றார். அவன் மண்ணால் ஓர் உருவம் சமைத்துத் தானே பயின்று அருச்சுனனை விஞ்சுகின்றான். உடனே கற்பிக்காத ஆசிரியருக்குக் கட்டணமாக அவனுடைய வலக்கைப் பெருவிரல் கேட்கப்படுகின்றது. இக்கதை வழிவழியாகக் குருபக்திக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டு வருகின்றது. காவியமோ காரணத்தை மறைக்கவில்லை. தன்னை விஞ்சிய மாணவன் இருக்கமாட்டான் என்ற வாக்குறுதியை அருச்சுனன் நினைவூட்டிய பின்னரே துரோணர் காட்டுக்குச் செல்கின்றார். தனியுரிமைக்கு வெளியே வளர்ந்த திறமையை அழிப்பதே அக்கட்டணத்தின் பயன்.

கர்ணனின் நிலை இன்னும் சிக்கலானது. பிரமாஸ்திரத்தைக் கற்பிக்குமாறு அவன் கேட்டபோது, நோன்பு நிறைந்த பிராமணனோ தவம் இயற்றிய சத்திரியனோ அன்றி வேறெவரும் அதனை அறியலாகாது எனத் துரோணர் மறுக்கின்றார். கர்ணன் பரசுராமரிடம் சென்று, தன்னைப் பிராமணன் எனக் கூறி அதனைப் பெறுகின்றான். தொடையைப் புழு துளைத்தபோதும் ஆசானின் உறக்கம் கலையாதிருக்க வலியைப் பொறுத்துக் கொள்கின்றான். அப்பொறுமையே அவன் பிராமணனல்லன் என்பதற்குச் சான்றாகி, உயிர் போகும் வேளையில் அஸ்திரம் நினைவில் நில்லாது என்ற சாபத்தைப் பெற்றுத் தருகின்றது.

ஒரு பொய்க்கு இரு தண்டனை

கர்ணன் பொய் சொன்னான், ஆகவே தருமம் அவனைத் தண்டித்தது என மரபுவழி உரைகாரர் விளக்குவர். இவ்விளக்கம் பொருந்துமா என்பதைக் காவியத்தினுள்ளேயே சோதித்துப் பார்க்கலாம்.

துரோணரை வீழ்த்துவதற்காக உதிட்டிரன் அசுவத்தாமன் இறந்தான் என்ற பொய்யை, யானையைக் குறிக்கும் சொல்லைத் தாழ்குரலில் சேர்த்துக் கூறுகின்றான். ஆசான் ஆயுதத்தைக் கைவிட்டுக் கொல்லப்படுகின்றார். அதுவரை நிலத்துக்கு நான்கு விரல் மேலே ஓடிய உதிட்டிரனின் தேர் அப்போது நிலத்தைத் தொடுகின்றது. கற்பதற்காகச் சொன்ன பொய் சூதனின் மகன் எனப்பட்டவனின் உயிரைக் கொள்கின்றது. கொல்வதற்காகச் சொன்ன பொய் அரசனின் தேரை நான்கு விரல் இறக்குகின்றது. குற்றம் ஒன்றாயினும் தண்டனையின் அளவை நிர்ணயிப்பது குற்றவாளியின் சமூக நிலையாகும். பிறப்புக்கேற்பத் தண்டனையை வகுக்கும் தருமசாத்திர மரபின் நியாயமே இங்கும் தொழிற்படுகின்றது.

தகுதி என்ற வாதமும் இவ்வாறே தளர்ந்து விடுகின்றது. பிரமசிரம் என்னும் கொடிய அஸ்திரத்தைத் தம் மகன் அசுவத்தாமனுக்கு அளிப்பதில் துரோணருக்கு மகிழ்ச்சி இருக்கவில்லை. மகனின் நிலையற்ற குணத்தை அவர் அறிந்திருந்தார். மனிதர்மீது அதனை ஏவலாகாது என எச்சரித்தே கொடுத்தார். அம்மகனே இறுதியில் பாண்டவர் குலத்துப் பெண்களின் கருக்களை நோக்கி அதனைத் திருப்புகின்றான். ஏகலைவனிடத்தும் கர்ணனிடத்தும் கேட்கப்பட்ட தகுதி, ஆசிரியரின் மகனிடம் கேட்கப்படவில்லை. ஏவியதை மீட்கவும் இயலாத ஒருவன் அழிவுப் படைக்கு உரிமையாளனாக இருந்தமைக்குப் பிறப்பைத் தவிர வேறு காரணம் காண்பது அரிது.

காக்கப்பட்டோரும் காப்பின் விலையும்

இனி, தருமத்தின் காப்பு யாரைக் காத்தது என்பதை நோக்குவோம். அரக்கு மாளிகை எரிந்தபோது பாண்டவரும் குந்தியும் சுரங்கவழி தப்பினர். அவர்கள் இறந்துவிட்டனர் என்று ஊரார் நம்புவதற்கு ஆறு உடல்கள் தேவைப்பட்டன. விருந்துண்டு உறங்கிக் கிடந்த நிடாதப் பெண்ணொருத்தியும் அவளுடைய ஐந்து புதல்வரும் அவ்வுடல்களாயினர். அவர்களுக்குக் காவியம் பெயர் தரவில்லை.

கர்ணனின் உடலோடு பிறந்த கவசத்தையும் குண்டலங்களையும் இந்திரன் பிராமண வேடத்தில் வந்து, தன் மகன் அருச்சுனனுக்காக இரந்து பெறுகின்றான். அதற்கு மாற்றாக ஒருமுறை மாத்திரம் பயன்படுத்தத்தக்க சக்தி ஆயுதத்தைக் கொடுக்கின்றான். அந்தச் சக்தி அருச்சுனன்மீது பாயாதிருக்கக் கடோற்கசன் போருக்கு அனுப்பப்படுகின்றான். அவன் மடிந்தபோது பாண்டவர் அழுகின்றனர், கண்ணன் மகிழ்கின்றான். சராசந்தன், சிசுபாலன், ஏகலைவன் ஆகியோர் பாண்டவர் நன்மைக்காகவே வெவ்வேறு வழிகளில் அகற்றப்பட்டனர் என்றும், பிராமணரையும் வேள்வியையும் பகைத்த கடோற்கசனைத் தானே ஒருநாள் கொல்லவேண்டியிருந்திருக்கும் என்றும் துரோண பருவத்தில் அவன் விளக்கமளிக்கின்றான். காட்டில் வாழ்ந்த இடிம்பியின் மகன், தன் தந்தையின் குலத்துக்குக் கேடயமாகப் பயன்பட்ட பின்னரும் அக்குலத்தின் தருமத்துக்குப் பகைவனாகவே எண்ணப்படுகின்றான்.

பெயருள்ளோர் நிலை இவ்வாறாயின், பெயரற்றோர் நிலை எத்தகையது? காவியக் கணக்கின்படி ஓர் அக்குரோணியில் 21,870 தேர்களும், 21,870 யானைகளும், 65,610 குதிரைகளும், 1,09,350 காலாட்களும் அடங்குவர். பதினெட்டு அக்குரோணிக்கு 19,68,300 காலாட்கள். இவ்வெண்கள் வரலாற்றுண்மை அல்ல. ஆயினும் போர் பற்றிய கற்பனையிலும் சரிபாதி காலாட்களாகவே இருந்தனர் என்பதை அவை காட்டுகின்றன. முடிவில் பாண்டவர் பக்கத்தில் எழுவரும் கௌரவர் பக்கத்தில் மூவரும் எஞ்சினர் எனக் காவியம் எண்ணிச் சொல்கின்றது. அப்பத்துப் பேரில் காலாள் ஒருவனும் இல்லை. துரோணரின் இறுதி வேளையில் முனிவர்கள் தோன்றி, அஸ்திரம் அறியாத மனிதரைப் பிரமாஸ்திரத்தால் எரித்தது தகாத செயல் எனக் கண்டிக்கும் பகுதி இங்கு மிக முக்கியமானது. அறிவு மறுக்கப்பட்டவர்களே அவ்வறிவினால் கொல்லப்பட்டனர் என்பதைக் காவியத்தின் மனச்சான்று ஒரு கணமேனும் உணர்ந்திருக்கின்றது.

எரிந்த காடும் அருச்சுனனின் வில்லும்

அருச்சுனனின் காண்டீபம் எவ்வாறு வந்தது என்பது பலராலும் மறக்கப்படும் செய்தி. காண்டவ வனத்தை உண்ண விரும்பிய அக்கினிதேவன், அதற்கு உதவியாக வருணனிடமிருந்து காண்டீபத்தையும், அம்பு குறையாத இரு தூணிகளையும், குரங்குக் கொடித் தேரையும் அருச்சுனனுக்குப் பெற்றுத் தருகின்றான். கண்ணனுக்குச் சக்கரம் கிடைக்கின்றது. இருவரும் காட்டின் இரு புறமும் நின்று, தீயிலிருந்து தப்பி ஓடிய உயிர்களைக் கொன்று வீழ்த்துகின்றனர். மயன், அசுவசேனன் என்ற நாகம், நான்கு பறவைக் குஞ்சுகள் ஆகிய அறுவரே தப்புகின்றனர். காண்டீபத்தின் முதற்பணி இதுவே. காண்டவ எரிப்பைப் புதிய குடியேற்றத்துக்கான காடழிப்பின் நினைவாகவும் அங்கு வாழ்ந்த மக்கள் அழிக்கப்பட்டதன் நினைவாகவும் ஐராவதி கார்வே முதலிய அறிஞர் விளக்கியுள்ளனர். உயிர் தப்பிய மயனின் உழைப்பே பாண்டவரின் வியத்தகு சபா மண்டபமாக எழுகின்றது என்பதையும் இணைத்து நோக்குதல் வேண்டும்.

காட்டின் பகை அத்துடன் அவிந்து விடவில்லை. தீயில் தாயை இழந்த அசுவசேனன் கர்ணனின் கணையில் ஏறி அருச்சுனனைத் தேடி வருகின்றான். வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்ட வில்லாளனும் வனத்திலிருந்து துரத்தப்பட்ட நாகமும் ஒரே அம்பில் சந்திக்கின்றனர். கண்ணன் தேரை நிலத்தில் அழுத்துவதால் அக்கணை அருச்சுனனின் முடியை மாத்திரமே கொண்டுபோகின்றது. காப்பு இம்முறையும் வழக்கமான திசையிலேயே கிடைக்கின்றது.

தமிழ்க் கர்ணன்

தேர்ச் சக்கரம் நிலத்தில் புதைந்த வேளையில் கர்ணன் தருமத்தை நிந்திக்கின்றான். வாழ்நாளெல்லாம் தன்னைப் பேணியவனைத் தருமம் காக்கவில்லையே என்பது அவனது முறையீடு. வடமொழிக் காவியம் அதனைத் தோற்கின்றவனின் புலம்பலாக விட்டுச் செல்கின்றது. தமிழ் மரபு அதற்கு வேறொரு விடை தேடியுள்ளது.

கி.பி. 14ஆம் அல்லது 15ஆம் நூற்றாண்டினர் எனக் கொள்ளப்படும் வில்லிபுத்தூராழ்வாரின் பாரதத்தில், கணைகள் பட்டுக் குருதி சோரக் கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் முதிய வேதியனாக வந்து, அவன் செய்த புண்ணியம் அனைத்தையும் தானமாகக் கேட்டுப் பெறுகின்றான். இங்கு தருமம் கர்ணனை மெய்யாகவே காக்கின்றது. காத்ததனாலேயே கடவுளும் இரந்து அதனை அகற்ற வேண்டியிருக்கின்றது. தமிழ்ப் பேச்சு வழக்கில் தருமம் என்பது ஈகையையே முதன்மையாகக் குறிக்கும். 'தருமம் போடுங்கள்' என்ற இரவலரின் குரலில் வருணக் கடமை என்ற பொருள் இல்லை. பிறப்பால் வரையறுக்கப்பட்ட தருமம், கொடுத்துத் தேடிக்கொள்ளத்தக்க தருமமாக மாறியமையே தமிழ்க் கர்ணனின் பெருமைக்கு அடிப்படை. வடமோடிக் கூத்து மரபிலிருந்து பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் கர்ணன் போரை மேடையேற்றியமையும், தமிழகத்தில் 1964இல் வெளிவந்த 'கர்ணன்' திரைப்படம் பெற்ற புகழும், அக்கதை மாந்தன்மீது தமிழ் மக்கள் கொண்ட பற்றை உணர்த்துவன.

எனினும் இதனை முற்றிலும் மக்கள் எதிர்ப்பின் குரலாகக் கொள்ளுதல் மிகைப்படுத்தலாகும். வில்லிபுத்தூராரை ஆதரித்தவன் வக்கபாகை வரபதியாட்கொண்டான் என்ற சிற்றரசன். கொடையை உயர்ந்த அறமாகப் போற்றுவது நிலமானிய சமூகத்துப் பிரபுக்களுக்கும் உவப்பானதே. கொடுப்பதற்கு உரியது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அங்கும் எழுப்பப்படவில்லை. பிறப்பு என்ற வேலியைத் தாண்டிய தமிழ்க் கர்ணன், உடைமை என்ற வேலிக்கு உள்ளேயே நிற்கின்றான்.

தடி ஏந்திய ஆயர்

காண்டீபத்தின் இறுதி நிகழ்ச்சி மௌசல பருவத்தில் வருகின்றது. யாதவர் தம்முள் போரிட்டு அழிந்தபின், துவாரகையின் பெண்களையும் சிறுவரையும் அழைத்துக்கொண்டு அருச்சுனன் செல்கின்றான். வழியில் ஆபீரர் எனப்படும் ஆயர் கூட்டத்தார் தடிகளை ஏந்தி அவர்களைத் தாக்குகின்றனர். காண்டீபத்தை நாணேற்றவே அருச்சுனன் பெரிதும் வருந்துகின்றான். அஸ்திரங்களை நினைவுகூர முயல்கின்றான், அவை தோன்றவில்லை. குறையாத தூணிகள் குறைந்து போகின்றன. அவன் கண்முன்னே பெண்கள் கவரப்படுகின்றனர். சிலர் தாமாகவே விரும்பிச் சென்றனர் என்றும் காவியம் குறிப்பிடுகின்றது. பீடுமரும் துரோணரும் எதிர்நின்று வெல்ல முடியாத வில், மாடு மேய்ப்போரின் தடிகளுக்கு முன் வலிமையிழக்கின்றது.

இத்தோல்விக்குக் காலத்தையே காரணமாகக் காட்டுகின்றார் வியாசர். படைக்கலங்கள் தம் பணியை முடித்துவிட்டன, இனி அவை செல்லட்டும் என்பது அவர் கூறும் ஆறுதல். பின்னர் அக்கினியே வந்து கேட்க, அருச்சுனன் காண்டீபத்தை நீரில் எறிந்து விடுகின்றான். காட்டை எரிப்பதற்காக வருணனிடமிருந்து வாங்கப்பட்ட வில் வருணனிடமே மீள்கின்றது. காலம் என்ற விளக்கம், தோல்வியைச் சமூக உறவுகளிலிருந்து பிரித்து ஊழின்மீது ஏற்றும் முயற்சியாகும். ஆனால் நிகழ்ச்சியை நோக்கின் வேறொரு பொருளும் கிடைக்கும். அஸ்திரம் அதே அறிவைப் பகிர்ந்துகொண்ட ஒரு வர்க்கத்தின் உட்போரிலும், அவ்வறிவு மறுக்கப்பட்டுக் கட்டளைக்குப் பணிந்து நின்ற காலாட்கள் மீதுமே வலிமையுடன் தொழிற்பட்டது. அந்த ஒழுங்கைத் தாங்கிய அரசும் குலமும் சிதைந்தபோது, அதனைப் பொருட்படுத்தாத மனிதருக்கு எதிரே காண்டீபம் வெறும் மரமும் நாணுமாயிற்று. இதற்காக ஆபீரரை விடுதலை வீரராகச் சித்திரிக்கும் தேவை எமக்கில்லை. அவர்கள் கொள்ளையிட வந்தவர்களே. பெண்களையும் பொருளாகவே கருதினர். அவர்கள் வாயிலாகக் காவியம் வெளிப்படுத்தும் உண்மையே எமக்கு முக்கியம்.

தருமத்தின் காப்பு என்ற எண்ணத்தில் பொய்யான கருத்துநிலை மாத்திரமே உண்டு எனவும் நாம் கூறவில்லை. நாராயணாஸ்திரம் ஏவப்பட்டபோது, ஆயுதத்தைக் கீழே வைத்தவர்களை அது தீண்டவில்லை எனக் காவியம் கூறுகின்றது. பாதுகாப்பான வாழ்வு பற்றிய மக்களின் நெடுநாளைய வேட்கையும் இத்தகைய கற்பனைகளில் கலந்திருக்கலாம். அவ்வேட்கையை அதனை ஆண்டவர்களின் நியாயங்களிலிருந்து பிரித்தெடுத்தல் மார்க்சியத் திறனாய்வின் கடமையாகும். ஆயுதம் தாங்கியோர் எல்லோரும் தருமத்தின் பெயரைக் கூறும் உலகில் இது ஏட்டளவிலான பணியன்று. நிடாதப் பெண்ணினதும் அவளுடைய ஐந்து புதல்வரினதும், ஏகலைவனதும், கடோற்கசனதும், பெயரற்ற காலாட்களினதும் பக்கத்தில் நின்று மகாபாரதத்தை மீண்டும் படிக்க வேண்டும். எமது கூத்து மரபிலும் வாய்மொழிக் கதைகளிலும் இம்மாந்தர் எவ்வாறு நினைவுகூரப்பட்டுள்ளனர், எங்கே மறைக்கப்பட்டுள்ளனர் என்பதை ஒப்பிட்டு ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ள வேண்டிய முயற்சியாகும்.